பிரேக் பெடல் சொல்லும் செய்தி

நுழையும்முன்

விரைந்து ஓடும் ஊர்தியில் ஏறி அமர்பவர், அது வேண்டிய இடத்தில் நிற்கும் என்று நம்பியே அமர்கிறார். அந்த நம்பிக்கை காலடியில் உள்ள ஒரு சிறு பெடலைச் சார்ந்திருக்கிறது. பெடல் உறுதியாக நின்றால் கவலையில்லை. பஞ்சை மிதிப்பதுபோல் அமுங்கினால், அது ஓர் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையின் பொருளை அறிவதும், காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்வதும் எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

சரிவில் இறங்கும் சாலை

பெங்களூரின் தென்பகுதியில், ஓசூர் சாலையை ஒட்டி அமைந்துள்ளது பொம்மனஹள்ளி. முன்பு தனி நகராட்சியாக விளங்கிய இவ்வூர், 2007-ஆம் ஆண்டில் பெங்களூர் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஆடைத் தொழிற்சாலைகளும் சிறு பட்டறைகளும் கொண்ட இப்பகுதியில், தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல வாழ்கின்றன. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர்கள் ஊர் திரும்பும் வழி, தேசிய நெடுஞ்சாலை 44 ஆகும். அச்சாலை ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய ஊர்களைக் கடந்து சேலத்தை அடைகிறது.

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலமோ ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. எனவே, ஊருக்குச் செல்லும் ஊர்தி வழிநெடுக 600 மீட்டருக்கு மேல் கீழே இறங்குகிறது. தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே உள்ள தொப்பூர் கணவாயில் சரிவும் வளைவும் சேர்ந்து வருகின்றன. பல விபத்துகள் நேர்ந்த இடம் அது. அங்கே ஓட்டுநரின் கால் அடிக்கடி பிரேக்கை நாடும்.

சமவெளியில் குறையின்றித் தோன்றும் பிரேக், இத்தகைய சரிவில் தன் குறையை வெளிப்படுத்தலாம். விரைவாக ஓட்டுவதற்கென்றே உருவாக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் காரில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மிகுந்த வேகத்திலிருந்து மீண்டும் மீண்டும் நிறுத்தப்படும் ஊர்தி அது.

திரவம் சுமக்கும் விசை

காலால் அழுத்தும் விசை சக்கரத்தை எவ்வாறு சென்றடைகிறது? பெரும்பாலான கார்களில் ஒரு திரவமே அதைச் சுமந்து செல்கிறது. பட்டறைகளில் அதனைப் 'பிரேக் ஆயில்' என்பர். பிரேக்கைச் செயல்படுத்தத் திரவத்தைப் பயன்படுத்தும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட் உருவாக்கினார். 1921-ஆம் ஆண்டில் டியூசன்பெர்க் நிறுவனம், நான்கு சக்கரங்களிலும் இம்முறையைக் கொண்ட காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இம்முறையின் அடிப்படை பாஸ்கல் விதியாகும். மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் அளிக்கப்படும் அழுத்தம், குறையாமல் எல்லாப் பக்கங்களுக்கும் பரவும் என்பதே அவ்விதி. பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டன் திரவத்தைத் தள்ளுகிறது. அவ்வழுத்தம் குழாய்களின் வழியே சக்கரங்களைச் சென்றடைகிறது. அங்கே காலிப்பரில் உள்ள பிஸ்டன், சுழலும் டிஸ்க்கின்மீது பிரேக் பேடுகளை அழுத்துகிறது.

ஒரு கணக்கின் வழியே இதனைக் காண்போம். பூஸ்டரின் உதவியை இங்கே சேர்த்துக்கொள்ளவில்லை.

ஓட்டுநர் 30 கிலோ எடைக்கு ஈடான விசையால் பெடலை மிதிக்கிறார் எனக் கொள்வோம். பெடல் ஒரு நெம்புகோல். அது அவ்விசையை 5 மடங்காக்கினால், மாஸ்டர் சிலிண்டரில் 150 கிலோ எடைக்கு ஈடான விசை கிடைக்கும். அந்தச் சிலிண்டரின் பிஸ்டன் பரப்பு 3 சதுர சென்டிமீட்டர் எனில், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் 50 கிலோ அழுத்தம் ஏற்படும். காலிப்பர் பிஸ்டனின் பரப்பு 24 சதுர சென்டிமீட்டர் எனில், அங்கே 1,200 கிலோ எடைக்கு ஈடான விசை உண்டாகும்.

காலின் 30 கிலோ, சக்கரத்தருகே 1,200 கிலோவாகிறது. திரவம் எளிதில் சுருங்காத பொருள் என்பதாலேயே இது இயல்கிறது. இத்தகைய அழுத்தத்தில் நீர் தன் கனஅளவில் நூற்றில் ஒரு பங்குகூடச் சுருங்குவதில்லை.

பஞ்சுத்தன்மை தோன்றும் விதம்

காற்று அவ்வாறன்று. அதனை அழுத்தினால் சுருங்கும்; விட்டால் விரியும். பிரேக் குழாய்க்குள் 1 கன சென்டிமீட்டர் காற்று புகுந்துள்ளது எனக் கொள்வோம். சுண்டுவிரல் நுனியளவே இருக்கும் குமிழி அது. மேற்கண்ட கணக்கில் பிரேக்கின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 50 மடங்கு. எனவே, பாயில் விதிப்படி அக்குமிழி ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். காலியான அந்த இடத்தை நிரப்ப, மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் ஏறத்தாழ 3.3 மில்லிமீட்டர் கூடுதலாக நகரவேண்டும். நெம்புகோலின் விகிதம் 5 என்பதால், பெடல் 16 மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாகக் கீழே இறங்கும். இதனையே ஓட்டுநரின் கால் 'பஞ்சு' என உணர்கிறது. குமிழிகள் பெருகினால் பெடல் தரையைத் தொட்டுவிடும். பேடுகளோ டிஸ்க்கைப் போதிய அளவு அழுத்தியிரா.

வெளியிலிருந்து புகும் காற்று மட்டுமே குமிழியாவதில்லை. திரவம் கொதித்தாலும் குமிழிகள் தோன்றும். 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிற்கும்போது ஏறத்தாழ 386 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. அறை வெப்பநிலையிலுள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அதுவே போதும். வேகம் இருமடங்கானால் இவ்வாற்றல் நான்கு மடங்காகும். அவ்வெப்பத்தின் ஒரு பகுதி பேடுகளின் வழியே காலிப்பரையும், அதிலுள்ள ஆயிலையும் அடைகிறது.

பரவலாகப் பயன்படும் பிரேக் ஆயில், காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஈரம் சேரச்சேர அதன் கொதிநிலை இறங்குகிறது. 'டாட்' என்னும் தர அளவீடு, ஒவ்வொரு வகைக்கும் இருக்கவேண்டிய குறைந்தபட்சக் கொதிநிலையை வரையறுக்கிறது.

டாட் 3: புதிய ஆயில் 205 பாகை செல்சியஸ், ஈரம் சேர்ந்த ஆயில் 140 பாகை.
டாட் 4: புதிய ஆயில் 230 பாகை, ஈரம் சேர்ந்த ஆயில் 155 பாகை.
டாட் 5.1: புதிய ஆயில் 260 பாகை, ஈரம் சேர்ந்த ஆயில் 180 பாகை.

இங்கே 'ஈரம் சேர்ந்தது' என்பது ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலையைக் குறிக்கும். நூற்றில் நான்கு பங்குக்கும் குறைவான நீர், கொதிநிலையை 65 முதல் 80 பாகை வரை குறைத்துவிடுகிறது. இதனால்தான், கசிவே இல்லாத காரிலும் பிரேக் ஆயிலை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுமாறு பல உற்பத்தியாளர்கள் அறிவுறுத்துகின்றனர்.

நோயறிதல்

நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பிறகே மருத்துவம் செய்யவேண்டும் என்று திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் வழிகாட்டுகிறது. பட்டறைக்கும் அம்முறை பொருந்தும். 'பெடல் சரியில்லை' என்பது நோயின் பெயரன்று. எப்போது, எவ்வாறு சரியில்லை என்று கேட்டால்தான் காரணம் புலப்படும்.

1. பெடல் எப்போதும் மெத்தென்று அமுங்குகிறது. விரைந்து பலமுறை மிதித்தால் சற்று இறுகுகிறது. குழாய்க்குள் காற்று இருக்கக்கூடும்.

2. முதல் மிதியில் பெடல் ஆழமாக இறங்குகிறது. இரண்டாம் மிதியில் உயர்ந்து கெட்டியாக நிற்கிறது. பின்சக்கர டிரம் பிரேக்கின் இடைவெளி மிகுந்திருக்கலாம். சக்கர பேரிங் தளர்ந்திருந்தாலும் இவ்வாறு நேரும். தளர்ந்த பேரிங்கில் ஆடும் டிஸ்க், பேடுகளைப் பின்னே தள்ளிவிடுகிறது.

3. அழுத்திப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. எங்கோ ஆயில் கசிகிறது. அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்துள்ளது. இந்நிலையில் காரை ஓட்டவே கூடாது.

4. தொடக்கத்தில் நன்றாக இருக்கிறது; நெடுநேரம் பிரேக் பிடித்த பிறகு அமுங்குகிறது. ஆயில் கொதித்திருக்கிறது.

5. பெடல் கெட்டியாகவே இருக்கிறது. ஆயினும் சூடேறிய பிறகு கார் நிற்க மறுக்கிறது. இங்கே குறை ஆயிலில் இல்லை. பேடுகள் அளவு மீறிச் சூடேறிப் பிடிப்பை இழந்துள்ளன.

6. பெடல் கல்லைப்போல் இறுகிவிட்டது. முழு வலுவுடன் மிதிக்கவேண்டியுள்ளது. பெரும்பாலும் பூஸ்டரில் குறை இருக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டுச் சரிவில் காரை உருளவிட்டாலும், சில மிதிகளுக்குப் பின் பூஸ்டரின் உதவி தீர்ந்து பெடல் இவ்வாறே இறுகிவிடும்.

இவற்றுள் முதல் நான்கும் பெடல் இறங்குவதைப் பற்றியவை. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. காரணத்தை அறியாமல் விலையுயர்ந்த உதிரிப்பாகங்களை மாற்றினால் பணம் செலவாகும்; ஆபத்து அங்கேயே இருக்கும்.

பட்டறையில் ஓர் உரையாடல்

பொம்மனஹள்ளிப் பட்டறை ஒன்றில் நிகழக்கூடிய உரையாடல் ஒன்றைக் காண்போம். மின்னணு நகரில் பணிபுரியும் இளைஞர் ஒருவர், இரண்டு இருக்கைகள் கொண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொண்டுவருகிறார். பொங்கலுக்கு இரண்டு நாள்களே உள்ளன.

இளைஞர்: அண்ணா, பிரேக் பஞ்சுபோல அமுங்குகிறது. பெரிய மாஸ்டர் சிலிண்டர் பொருத்தினால் பெடல் இறுகும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இன்றே மாற்றிவிடலாமா?

மெக்கானிக்: மாற்றுவதைப் பிறகு பார்ப்போம், தம்பி. வண்டியை எடுத்தவுடனே அமுங்குகிறதா, ஓடிய பிறகா?

இளைஞர்: காலையில் நன்றாகத்தான் இருந்தது. நந்தி மலையிலிருந்து இறங்கும்போது, பாதி வழியில் பெடல் கீழே போய்விட்டது. இரண்டு மூன்று முறை மிதித்த பிறகே பிடித்தது.

மெக்கானிக்: வண்டியை ஆறவிட்டீர்களா?

இளைஞர்: ஒரு மணிநேரம் நிறுத்தி வைத்தேன். ஓரளவு சரியானது. முழுவதும் சரியாகவில்லை.

மெக்கானிக்: பிரேக் ஆயிலை எப்போது மாற்றினீர்கள்?

இளைஞர்: மாற்றியதே இல்லை, அண்ணா. டப்பாவில் அளவு குறையவில்லை. அதனால் மாற்றத் தேவையில்லை என்று நினைத்தேன்.

மெக்கானிக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து பார்க்கிறார். இளமஞ்சள் நிறத்தில் இருக்கவேண்டிய ஆயில், காய்ச்சிய தேநீர்போல் கறுத்துள்ளது.

இளைஞர்: நாளைக் காலையில் அம்மாவை அழைத்துக்கொண்டு சேலம் போகவேண்டும். இப்போதைக்கு ஏர் மட்டும் எடுத்துக்கொடுங்கள், அண்ணா. திரும்பி வந்தபிறகு ஆயிலை மாற்றிக்கொள்கிறேன்.

மெக்கானிக்: ஏர் எடுத்தால் பெடல் இறுகிவிடும், தம்பி. இந்தத் தெருவில் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். தொப்பூர் இறக்கத்தில் இதே ஆயில் மறுபடியும் கொதிக்கும். அப்போது பக்கத்து இருக்கையில் உங்கள் அம்மா உட்கார்ந்திருப்பார். அந்த வண்டியை 'சரி' என்று சொல்லி நான் அனுப்பமாட்டேன். நாளைக்குப் பேருந்தில் போய்வாருங்கள். இல்லையென்றால், வேலை முடியும்வரை இங்கேயே இருந்து உதவுங்கள்.

இளைஞர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் அமர்கிறார்.

ஏர் எடுத்தல்

பிரேக் குழாய்களிலிருந்து காற்றையும் பழைய ஆயிலையும் வெளியேற்றுவதைப் பட்டறைகளில் 'ஏர் எடுத்தல்' என்பர். இப்பணியைப் பொதுவாக இருவர் சேர்ந்து செய்வர். ஒருவர் பெடலை மிதிப்பார். மற்றவர் சக்கரத்தருகே உள்ள பிளீடர் நிப்பிளைத் திறந்து மூடுவார்.

முதலில் டப்பாவிலுள்ள பழைய ஆயில் எடுக்கப்பட்டு, மூடிய கலத்திலிருந்து புதிய ஆயில் ஊற்றப்படுகிறது. நிப்பிளில் ஒளிபுகும் சிறு குழாய் ஒன்று பொருத்தப்படுகிறது. அதன் மறுமுனை, சிறிது ஆயில் உள்ள புட்டியில் மூழ்கியிருக்கும். பிறகு இருவருக்கும் இடையே ஒரே வரிசையில் சொற்கள் ஒலிக்கின்றன.

"மிதி."
"மிதித்தேன்."
"பிடி, விடாதே."
"பிடித்திருக்கிறேன்."

இப்போது நிப்பிள் திறக்கப்படுகிறது. ஆயிலும் குமிழிகளும் வெளியேறுகின்றன. பெடல் கீழே இறங்குகிறது. நிப்பிள் மூடப்பட்ட பிறகே "விடு" என்னும் சொல் வரும். மூடுவதற்குமுன் காலை எடுத்துவிட்டால், காற்று உள்ளே இழுக்கப்படக்கூடும். குமிழிகள் நின்று, தெளிந்த புதிய ஆயில் வரும்வரை இது தொடர்கிறது. இடையில் டப்பாவில் ஆயில் வற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். வற்றினால் மீண்டும் காற்று புகுந்து, செய்த வேலை வீணாகும்.

பொதுவாக, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் பணி தொடங்கும். வலப்பக்கம் ஓட்டுநர் அமரும் காரில் இடப்பின், வலப்பின், இடமுன், வலமுன் என அவ்வரிசை அமையும். சில கார்களுக்கு உற்பத்தியாளரின் கையேடு வேறு வரிசையைக் கூறும். அங்கே கையேட்டையே பின்பற்றவேண்டும். ஏபிஎஸ் பொருத்தப்பட்ட சில கார்களில், அதன் உள்ளறையில் தங்கிய காற்றை வெளியேற்றக் கணினிக் கருவியும் தேவைப்படும்.

நான்கு சக்கரங்களிலும் பணி முடிந்தது. பெடல் உயர்ந்துவிட்டது. ஆயினும் அழுத்திப் பிடிக்கும்போது சற்றே மெத்தென்றிருந்தது. மெக்கானிக் அத்துடன் நிறுத்தவில்லை. இளைஞரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, விளக்கின் ஒளியில் ஒவ்வொரு ரப்பர் ஹோஸையும் விரலால் தொட்டுப் பார்த்தார். இடமுன் சக்கரத்தின் ஹோஸ், பெடல் அழுந்தும்போதெல்லாம் இலேசாகப் புடைத்தது. பெடலின் அசைவில் ஒரு பகுதி, அந்த முதிர்ந்த ரப்பரை விரிப்பதிலேயே செலவாகிக்கொண்டிருந்தது. முதல் காரணம் சரிசெய்யப்பட்ட பிறகே இந்த இரண்டாம் காரணம் புலப்பட்டது.

முன்பக்க ஹோஸ்கள் இரண்டும் மாற்றப்பட்டன. மீண்டும் ஏர் எடுக்கப்பட்டது. பிறகு மெக்கானிக் பெடலை ஒரு நிமிடம் முழு வலுவுடன் அழுத்திப் பிடித்தார், அது இறங்கவில்லை. நிப்பிள்களிலும் இணைப்புகளிலும் ஈரம் உள்ளதா என்று துணியால் துடைத்துப் பார்த்தார். ஆள் நடமாட்டமற்ற இடத்தில் குறைந்த வேகத்தில் பலமுறை நிறுத்திப் பார்த்த பின்னரே சாவியை இளைஞரிடம் கொடுத்தார். பெரிய மாஸ்டர் சிலிண்டருக்கு வேலையே இருக்கவில்லை.

கெட்டியான பெடலும் சிறந்த பிரேக்கும்

இளைஞரின் நண்பர்கள் கூறிய வழி முற்றிலும் பொய்யன்று. முன்னைய கணக்கில் மாஸ்டர் சிலிண்டரின் பரப்பை 3 சதுர சென்டிமீட்டரிலிருந்து 4 ஆக உயர்த்தினால், பெடல் இறங்கும் தொலைவு நான்கில் மூன்று பங்காகக் குறையும். கால் அதனைக் 'கெட்டி' என்றே உணரும். ஆனால் அதே 30 கிலோ மிதிக்குக் கிடைக்கும் அழுத்தமும் நான்கில் மூன்று பங்காகக் குறைந்துவிடும். முன்போல் நிற்க 40 கிலோ விசை வேண்டும். குமிழியும் உள்ளேயே இருக்கும். பெடல் இறுகியதாலேயே பிரேக் மேம்பட்டது என்று கொள்வது தவறு.

குறைகள் நீங்கிய பிறகு, ஸ்போர்ட்ஸ் காரின் பிரேக்கை மேம்படுத்தச் சில வழிகள் உள்ளன. கொதிநிலை மிகுந்த ஆயிலைப் பயன்படுத்தலாம். எனினும் டாட் 5 என்னும் சிலிக்கோன் ஆயிலை டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகியவற்றுடன் கலக்கக் கூடாது. ரப்பர் ஹோஸ்களுக்கு மாற்றாக எஃகு இழைகள் பின்னிய ஹோஸ்களைப் பொருத்தலாம். அவை எளிதில் புடைப்பதில்லை. மிகுந்த வெப்பத்தைத் தாங்கும் பேடுகளைத் தேர்ந்தெடுக்கலாம். டிஸ்க்கை நோக்கிக் குளிர்ந்த காற்றைச் செலுத்தும் குழாய்களையும் அமைக்கலாம்.

எடையைக் குறைப்பதும் பிரேக்குக்குச் செய்யும் உதவியே. பெங்களூரில் 1980-களில் உருவான சிபானி டால்பின் என்னும் சிறிய கார், கண்ணாடியிழை உடலும் 848 கன சென்டிமீட்டர் எஞ்சினும் கொண்டது. எடை குறைந்த அந்தக் கார், சென்னைக்கு அருகிலுள்ள சோழவரம் பந்தயங்களிலும் ஓடியது. நிறுத்தவேண்டிய எடை குறைந்தால், பிரேக் தாங்கவேண்டிய வெப்பமும் அதே அளவுக்குக் குறையும்.

மாணவர் உருவாக்கும் பந்தயக் கார்கள்

கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்னும் பந்தயக்களம் உள்ளது. பந்தய ஓட்டுநரும் கார் வடிவமைப்பாளருமான சு. கரிவரதனின் நினைவாக அது பெயர் பெற்றது. 'ஃபார்முலா பாரத்' என்னும் போட்டி அங்கே நடைபெற்று வருகிறது. பொறியியல் மாணவர்கள் தாங்களே வடிவமைத்து உருவாக்கிய கார்களுடன் அதில் பங்கேற்கின்றனர். பெங்களூர் ஆர்.வி. பொறியியல் கல்லூரி மாணவர்களின் 'அஷ்வா ரேசிங்' குழு, இத்தகைய கார்களை உருவாக்கிவரும் குழுக்களுள் ஒன்று.

இவ்வகைப் போட்டிகளின் விதிகள் பிரேக்குக்குத் தனியிடம் அளிக்கின்றன. காரில் ஒன்றையொன்று சாராத இரண்டு திரவச் சுற்றுகள் இருக்கவேண்டும். ஒன்றில் கசிவு ஏற்பட்டாலும் மற்றொன்று காரை நிறுத்தும். பெடல் 2,000 நியூட்டன் விசையைத் தாங்கவேண்டும். இது ஏறத்தாழ 200 கிலோ எடைக்கு ஈடாகும். ஓடும் காரில் பிரேக் பிடிக்கும்போது நான்கு சக்கரங்களும் சுழற்சி நின்று பூட்டிக்கொள்ள வேண்டும். இச்சோதனையில் தேறாத கார், எவ்வளவு விரைவாக ஓடக்கூடியதாயினும், களத்தில் ஓட அனுமதி பெறாது.

மற்றொரு விதி இப்பாடத்தின் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. பெடலுக்குப் பின்னே ஒரு சுவிட்ச் பொருத்தப்படவேண்டும். பெடல் வழக்கமான அளவைக் கடந்து கீழே இறங்கினால், அச்சுவிட்ச் தட்டப்பட்டு எஞ்சினுக்கான மின்னிணைப்பு துண்டிக்கப்படும். பெடலின் இறக்கமே ஆபத்தின் அடையாளம் என்பதை அவ்விதி ஏற்றுக்கொள்கிறது. சாலையில் ஓடும் பெரும்பாலான கார்களில் அத்தகைய சுவிட்ச் இல்லை. அங்கே அந்தப் பொறுப்பு ஓட்டுநரின் காலுக்கும், 'எப்போது அமுங்குகிறது?' என்று கேட்கும் மெக்கானிக்கின் நேர்மைக்கும் உரியது.

எச்சரிக்கை: பிரேக் பணியைப் பயிற்சி பெற்றவரே செய்யவேண்டும். பிரேக் ஆயில் கண்ணுக்கும் தோலுக்கும் தீங்கு தரும். காரின் வண்ணப்பூச்சையும் அரித்துவிடும். பெடலில் மாற்றம் தெரிந்தால் மாணவர்கள் உடனே பெரியவர்களிடம் தெரிவிக்கவேண்டும்.

சொல்லும் பொருளும்

கணவாய் – மலைகளுக்கு இடையே செல்லும் வழி
நெம்புகோல் – சிறு விசையைப் பெருக்கித் தரும் கோல்
கனஅளவு – ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு
கொதிநிலை – திரவம் கொதிக்கும் வெப்பநிலை
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு
புடைத்தல் – வீங்கி வெளித்தள்ளுதல்
கசிவு – சிறிது சிறிதாக ஒழுகுதல்

மொழியை அறிவோம்

தமிழில் 'ப' எனத் தொடங்கும் சில சொற்கள், கன்னடத்தில் 'ஹ' எனத் தொடங்கும்.

பால் – ஹாலு
பல் – ஹல்லு
பள்ளி – ஹள்ளி

ஊர்ப்பெயர்களின் இறுதியில் வரும் 'பள்ளி', 'ஹள்ளி' ஆகிய இரண்டும் இவ்வாறு உறவுடையவை. திருச்சிராப்பள்ளி, பொம்மனஹள்ளி ஆகிய பெயர்களை ஒப்பிட்டுப் பார்க்க.

மதிப்பீடு

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பாஸ்கல் விதி யாது?
2. கசிவு இல்லாத காரிலும் பிரேக் ஆயிலை மாற்றவேண்டியது ஏன்?
3. நிப்பிளை மூடிய பிறகே பெடலை விடவேண்டும். காரணம் கூறுக.

ஆ. அறிகுறியைக் காரணத்தோடு பொருத்துக.
1. பிடித்திருக்கும்போதே பெடல் இறங்குதல் – அ. பூஸ்டரில் குறை
2. நெடுஞ்சரிவுக்குப் பின் பெடல் அமுங்குதல் – ஆ. மாஸ்டர் சிலிண்டரில் தேய்வு
3. பெடல் கல்போல் இறுகுதல் – இ. பேரிங் தளர்வு
4. முதல் மிதியில் ஆழம், இரண்டாம் மிதியில் கெட்டி – ஈ. ஆயில் கொதித்தல்

இ. கணக்கிடுக.
மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பரப்பு 2 சதுர சென்டிமீட்டர்; பெடல் விகிதம் 5. குழாயில் உள்ள 1 கன சென்டிமீட்டர் காற்று முழுவதும் சுருங்குவதாகக் கொண்டால், பெடல் எவ்வளவு கூடுதலாக இறங்கும்?

ஈ. சிந்தித்து எழுதுக.
"ஏர் மட்டும் எடுத்துக்கொடுங்கள்" என்று இளைஞர் கேட்டபோது மெக்கானிக் மறுத்தது சரியா? அவர் ஒப்புக்கொண்டிருந்தால் அன்று மாலை பெடல் எவ்வாறு இருந்திருக்கும்? மறுநாள் தொப்பூரில் என்ன நேர்ந்திருக்கலாம்? பத்து வரிகளில் எழுதுக.

உ. மொழிப்பயிற்சி
'கவ்வு' என்னும் வினையடியுடன் 'இ' சேர்ந்து 'கவ்வி' என்னும் கருவிப்பெயர் பிறக்கிறது. அவ்வாறே கீழ்க்காணும் வினையடிகளிலிருந்து கருவிப்பெயர்களை உருவாக்குக: திருகு, முடுக்கு, வடிகட்டு.

ஊ. கற்பவை கற்றபின்
1. திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில், நோயறியும் முறையைக் கூறும் குறளைக் கண்டறிந்து வகுப்பில் பொருளுடன் கூறுக.
2. வீட்டுக்கு அருகிலுள்ள பட்டறைக்குப் பெரியவர் ஒருவருடன் சென்று, அங்கு வழங்கும் பத்துச் சொற்களைத் தொகுக்க. அவை எம்மொழியிலிருந்து வந்தவை என்பதையும் கேட்டறிந்து எழுதுக.